என் பேத்தி ஏன் தாடி வைத்துக்கொண்டாள்?



போன பதிவில் அந்தக் காலத்துப் புதுவைக் கல்யாண விருந்துகளைப் பற்றி எழுதினேன். மிச்சத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். நடுவில் ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டுப் பந்திக்குப் போகலாம்.

விஷயம் கம்ப்யூட்டர் விளையாட்டு. "இந்த வயதில் உமக்கு இது தேவையா?" என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. எனக்குத் தெரிந்த விளையாட்டு பெத்தாங்கும் சீட்டும்தான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தசரா விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பகலெல்லாம் பாட்டியோடு வம்பு, இரவெல்லாம் லேப்டாப். எனக்கோ ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டிய வயது. அப்படி ஒருநாள் எழுந்தபோது கூடத்தில் வெளிச்சம். சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். திரையில் பனி பெய்யும் ஒரு மலை. நடுவில் மலை அளவுக்கு ஒரு பாம்பு. அதைச் சுற்றிக் கத்தியும் கோடரியுமாக இருபது பேர்.

"இதுல நீ யாரும்மா?"

மார்பு வரை தாடி தொங்கும் குள்ளமான ஒரு ஆளைக் காட்டினாள்.

"இதா நீ? ஏன், பொம்பளை வேஷமே கிடையாதா இதுல?"

"இருக்கு தாத்தா. மொதல்ல அதான் எடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு மாத்திட்டேன்."

அதற்குள் பாம்பு சீறவே பேச்சு நின்றுபோனது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது விட்ட இடத்திலிருந்து கேட்டேன். அவள் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், இந்த விளையாட்டு என்ன என்று நமக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.

இது தெருக்கூத்து மாதிரிதான். முதலில் வேஷம் கட்ட வேண்டும். ஆணா பெண்ணா, மனிதனா குள்ளனா, வாள்வீரனா மந்திரவாதியா, மூக்கு எப்படி, முடி எப்படி என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கலாம். பிறகு அந்த வேஷத்தோடு ஒரு கற்பனை ஊருக்குள் இறங்க வேண்டும். அதே நேரத்தில் உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வேஷத்தோடு அங்கே திரிவார்கள். சேர்ந்து சண்டை போடலாம், வியாபாரம் பண்ணலாம், கோஷ்டி அமைக்கலாம். காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக ஒருவரோடொருவர் பேசலாம். விடிந்தாலும் கூத்து முடியாது என்பதுதான் வித்தியாசம். நாம் தூங்கப் போனாலும் அந்த ஊர் நடந்துகொண்டே இருக்கும்.

பேத்தி முதலில் ஒரு பெண் வில்லாளியாகப் போயிருக்கிறாள். முதல் வாரமே முன்பின் தெரியாதவர்கள் வந்து வாள், குதிரை, தங்கக் காசு என்று இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்தாளாம். இரண்டு நாள் கழித்து, "நிஜத்தில் நீ பெண்தானா? போட்டோ அனுப்பு" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் மறுத்ததும் வந்த வார்த்தைகளை என்னிடம் சொல்லவில்லை. "அதெல்லாம் உனக்கு வேணாம் தாத்தா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஒருநாள், எல்லோரும் நாலைந்து முறை முயன்றும் சாகாத ஒரு ராட்சதனை எப்படி மடக்கலாம் என்று இவளுக்கு ஒரு யோசனை. மைக்கைத் திறந்து சொல்லியிருக்கிறாள். பெண் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அடுப்படிக்குப் போகச் சொல்லியிருக்கிறான் ஒருவன். கேட்கக் கூசும் சத்தம் ஒன்றைப் போட்டிருக்கிறான் இன்னொருவன். யோசனையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அன்றைக்கே அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டாள். புதுப் பெயர், புதுத் தாடி, வேறு கோஷ்டி. மைக்கைத் தொடுவதே இல்லை, எல்லாம் தட்டச்சுதான். கொஞ்ச நாளில் அதே ராட்சதன், அதே சிக்கல். அதே யோசனையைத் தட்டி அனுப்பினாள். எல்லோரும் "சரி தலைவா" என்று சொன்னபடி நின்றார்கள். ராட்சதன் செத்தான்.

"அதே பிளான் தாத்தா. ஒரு வார்த்தைகூட மாத்தல."

இந்த ஒரு வாக்கியம் என்னை ஏன் இவ்வளவு தொந்தரவு செய்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அன்று மத்தியானம் அவளையே ஆசிரியராக வைத்துப் பாடம் கேட்டேன். முதல் பாடம் உடுப்பு. அந்த ஊர்க் கடையில் ஒரு இரும்புக் கவசம் வாங்கினாள். குள்ளனுக்கு மாட்டினாள். கழுத்திலிருந்து முழங்கால் வரை இரும்பு. அதே கவசத்தை, அதே பெயர், அதே விலை, ஒரு பெண் பாத்திரத்துக்கு மாட்டினாள். மார்பில் இரண்டு கிண்ணம், இடுப்பில் ஒரு பட்டை, நடுவில் வயிறு முழுக்க வெளியே. நான் படை பட்டாளம் பார்த்தவனில்லை. இருந்தாலும் கத்தியோடு வருகிறவன் எங்கே குத்துவான் என்று எனக்கே தெரியும்.

இந்த ஒரு விளையாட்டு மட்டும் இப்படி இல்லை. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் பெட்டி மேலேயே அரைகுறை உடுப்போடு ஒரு அழகிதான் நின்றாள். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டிலும், ஆண் போட்டால் கால்சட்டையாக இருக்கும் கவசம் பெண் போட்டால் நீச்சலுடையாகச் சுருங்கிவிடும் என்று வெகுகாலம் கேலி பேசினார்கள். இன்றைக்கு எவ்வளவோ மாறிவிட்டது என்கிறாள் பேத்தி. மாறியிருக்கலாம். கேட்டவர்கள் இருந்ததால்தான் மாறியிருக்கும்.

மாலையில் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். திரும்பும் வழியில் துய்மா வீதியில் நம் கப்ஸ் கோயிலுக்கு எதிரே இருக்கும் ழான் தார்க் சிலையிடம் நிறுத்தினேன். அவள் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள், கவனித்ததில்லை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்களுக்கு ழான் தார்க் பாட்டி கதை மாதிரி. அவளுக்குச் சொன்னேன்.

1429-இல் அந்தப் பெண்ணுக்கு வயது பதினேழு போல இருக்கும். அவள் சண்டைக்குப் புறப்பட்டபோது தூர் நகரத்தில் ஒரு கொல்லனிடம் அவள் உடம்புக்கு அளவெடுத்து முழுக் கவசம் செய்யச் சொன்னார்கள். அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் அதற்கு நூறு லீவ்ரு செலவு எழுதியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இருப்பதால் குமாஸ்தாவாகிய எனக்கு அதில் தனி நம்பிக்கை. அந்தக் கொல்லன் வயிற்றுப் பகுதியை விட்டுவிட்டுச் செய்யவில்லை. உள்ளே இருப்பது ஒரு உயிர், அது பிழைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தான்.

இரண்டு வருஷம் கழித்து ருவான் நகரத்தில் அவளை விசாரித்தார்கள். அவள் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று, ஆண் உடை அணிந்தது. பெண் உடை போடுவதாக ஒப்புக்கொண்டவள் சிறையில் மறுபடி ஆண் உடை போட்டுக்கொண்டாள் என்பதைக் காரணமாகச் சொல்லி, 1431 மே 30 அன்று எரித்தார்கள். முழுசாகப் போர்த்திக்கொண்டாலும் குற்றம்.

பேத்தி சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவங்களும் என்னை மாதிரிதான்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு நடந்தோம்.

அன்றிரவு நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு, எதற்கும் முதல் விதியைத் தேடிப் பார்க்காமல் தூக்கம் வராது. தேடியதில் கிடைத்தது இது.

இந்த வேஷ விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தா, கம்ப்யூட்டரே இல்லாமல் காகிதம், பென்சில், பகடையோடு மேஜையில் உட்கார்ந்து ஆடுகிற ஒரு அமெரிக்க விளையாட்டு. 1974-இல் வந்தது, பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். அதன் மேம்பட்ட பதிப்பின் விதிப் புத்தகம் 1978-இல் வந்தது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலத்துக்கு மார்க் உண்டு. உச்ச மார்க் 18. அந்த 18 வாங்கிய போர்வீரனுக்கு மட்டும், அதற்கு மேல் 1 முதல் 100 வரை கூடுதல் மதிப்பு ஒன்று. மனித ஆணாக இருந்தால் அது 100 வரை போகலாம். மனிதப் பெண்ணாக இருந்தால் 50-ஓடு நிறுத்தம்.

யோசித்துப் பாருங்கள். அந்த உலகத்தில் டிராகன் பறக்கலாம். கையிலிருந்து நெருப்பு வரலாம். செத்தவன் எழுந்து வரலாம். எல்லாம் நடக்கலாம். ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒரு ஆணுக்குச் சமமான பலம் வரக் கூடாது. பிறகு 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் விதி புத்தகத்தை விட்டுப் போனாலும் வழக்கம் அலுவலகத்தை விட்டுப் போக நாளாகும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

லாஸ்ட் ஆர்க் என்று ஒரு கொரிய ஆட்டம். 2022-இல் மேல்நாடுகளுக்கு வந்தபோது அதில் வாள்வீரர் பிரிவு முழுக்க ஆண்கள், மந்திரப் பிரிவு முழுக்கப் பெண்கள். ஆசைப்பட்டாலும் மாற்ற முடியாது. பெண் வாள்வீரர் பிற்பாடுதான் வந்தார். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டைப்பிஸ்ட் என்றால் பெண், டவாலி என்றால் ஆண் என்று எழுதாத விதி இருந்ததே, அதே கதை.

எனக்கு மிகவும் உறைத்தது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் கதை. யுபிசாஃப்ட் என்று பெயர். 2014-இல் இவர்கள் பிரெஞ்சுப் புரட்சியை வைத்தே ஒரு ஆட்டம் கொண்டு வந்தார்கள், அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி. நான்கு பேர் இணையத்தில் ஒன்றாகச் சேர்ந்து புரட்சிக்கால பாரிஸில் சுற்றலாம். நான்கு பேரும் ஆண்கள்தான். ஒரு பெண் பாத்திரம்கூட ஏன் இல்லை என்று நிருபர்கள் கேட்டார்கள். பெண் என்றால் நடை, ஓட்டம், உடுப்பு எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும், வேலை இரட்டிப்பாகிவிடும் என்று பதில் வந்தது. முன்பு அதே கம்பெனியில் அசைவுகளை வரைந்துகொண்டிருந்த ஒருவர், இது ஒன்றிரண்டு நாள் வேலை என்று போட்டு உடைத்துவிட்டார்.

எங்கள் சரித்திரப் பாடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன். 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு மழையில் வெர்சாய் வரை நடந்து போய் ராஜாவைப் பாரிசுக்கு அழைத்து வந்தவர்கள் யார்? பாரிஸ் சந்தைப் பெண்கள். 1793 ஜூலையில் குளியல் தொட்டியில் இருந்த மாராவைக் கத்தியால் குத்தியது யார்? ஷர்லோத் கொர்தே என்ற இளம்பெண். பெண்ணுக்கும் உரிமை வேண்டும் என்று சாசனம் எழுதி, அதே வருஷம் நவம்பரில் கில்லட்டினில் தலையைக் கொடுத்தது யார்? ஒலாம்ப் து கூழ். இவர்கள் எல்லாம் தெருவில் இறங்கிய ஊரில், ஆட்டத்துக்கு ஒரு பெண் பாத்திரம் வரைய நேரமில்லையாம்.

2020-இல் வந்த செய்திகள் இன்னும் மோசம். அதே வரிசை ஆட்டங்களில் பெண்ணை முன்னிறுத்திக் கதை எழுதியதை எல்லாம் மேலிடம் குறைக்கச் சொன்னதாக வேலை செய்தவர்களே சொன்னார்கள். பண்டைய கிரேக்கத்தை வைத்து 2018-இல் வந்த ஒடிஸி என்ற ஆட்டத்தில் கசாண்ட்ரா என்ற பெண் மட்டும்தான் நாயகி என்று திட்டமாம். பெண் நாயகி விற்காது என்று சொல்லி, அலெக்சியோஸ் என்று ஒரு ஆணையும் சேர்த்து, இருவரில் ஒருவரை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றினார்களாம். இதே சமயத்தில்தான் அந்தக் கம்பெனிக்குள் பெண் ஊழியர்கள் பட்ட பாடும் வெளியே வந்தது. சென்ற 2025 ஜூலை 2 அன்று, பாரிசை அடுத்த பொபிஞி நீதிமன்றம் அங்கே மேல்பதவியில் இருந்த மூன்று பேரைத் தொல்லை கொடுத்த குற்றத்துக்காகத் தண்டித்தது. சிறைத் தண்டனைதான், ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது. நம்மூர்ப் பழைய கோர்ட் மொழியில் சுர்சீ. கூடவே அபராதம்.

அறைக்குள் இருக்கும் பெண்ணை மதிக்காதவர்கள் திரையில் இருக்கும் பெண்ணை மதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். எனக்குத் தெரிந்து இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

இன்னொரு கம்பெனியின் கதை சிரிப்பாக இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டக் கம்பெனி மீது 2021 ஜூலையில் கலிஃபோர்னியா அரசாங்கம், பெண் ஊழியர்களை நடத்திய விதம் சரியில்லை என்று வழக்குப் போட்டது. உடனே கம்பெனி ஆட்டத்துக்குள் சுத்தம் செய்யத் தொடங்கியது. அங்கே ஒரு மாளிகைச் சுவரில் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கும் ஓவியம் மாட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு தட்டு நிறையப் பழங்களை வரைந்து மாட்டினார்கள். ஆடுகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எனக்கும் சிரிப்பு வந்தது. விசாரணைக்கு மேலதிகாரி வருகிறார் என்றால் கோப்புகளை அடுக்கி, மேஜைக்குப் புதுத் துணி விரிப்போமே, அந்த ஞாபகம் வந்தது.

இதைப் படிக்கும் நண்பர்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பெத்தாங் மைதானத்தில் நான் இதைச் சொன்னபோதே ஒருவர் கேட்டுவிட்டார். "நம்ம கோயில் சிலையெல்லாம் என்ன போர்த்திக்கிட்டா நிக்குது? இந்த விளையாட்டுல ஆம்பளையும்தான் சட்டை இல்லாம நிக்கிறான்."

நியாயமான கேள்விதான். என் பதில் இது. தோல் தெரிவது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. சட்டை இல்லாத அந்த ஆண், தன் பலத்தைக் காட்ட நிற்கிறான். அவனைப் பார்க்கும் பையன் அவனைப் போல ஆக வேண்டும் என்று நினைக்கிறான். சட்டை இல்லாத அந்தப் பெண்ணோ, பார்க்கிறவனுக்காக நிற்கிறாள். அவளைப் பார்க்கும் என் பேத்தி அவளைப் போல ஆக வேண்டும் என்று நினைக்க வழியில்லை. ஒரு ஆட்டத்தில் பத்துப் பெண்கள் பத்து விதமாக உடுத்தியிருந்தால், அதில் ஒருத்தி எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. பத்துப் பேருக்கும் ஒரே உடுப்பு என்றால்தான் கேள்வி.

இதில் இன்னொரு வேடிக்கை. பெண் வேஷத்தில் திரிகிறவர்களில் நிறையப் பேர் ஆண் பிள்ளைகளாம். "மணிக்கணக்காக ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும், அது பெண் முதுகாக இருக்கட்டுமே" என்பது வழக்கமான காரணமாம். எனக்கு உடனே சின்ன வயதில் பார்த்த கூத்துதான் ஞாபகம் வந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் பாஞ்சாலியாக வேஷம் கட்டுகிறவர் மீசை மழித்த ஆண்தான். பகலில் ஏர் ஓட்டுகிறவர். ஆனால் துகில் உரியும் காட்சியில் அவர் கதறினால், எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவிகள் கற்பூரம் ஏற்றுவார்கள். ஒருவன் விசில் அடித்தான் என்று வையுங்கள், அந்த ஊரை விட்டு அவன் முழுசாகப் போக முடியாது. அங்கேயும் ஆண்தான் பெண் வேஷம் கட்டினான். அங்கே வேஷத்துக்கு ஒரு மரியாதை இருந்தது, அதைக் காப்பாற்ற ஊர் இருந்தது. இந்த இணையக் கூத்தில் வேஷம் இருக்கிறது, விசிலும் இருக்கிறது. ஊரைத்தான் காணோம்.

(நம் கிராமத்தில் எல்லாப் பெண்களையும் பாஞ்சாலியைப் போல மதித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விடிந்ததும் வீட்டில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.)

என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் சொன்ன தீர்ப்பு ஒரு வரி: "அந்தக் கருமத்தைப் புடுங்கிப் போடுங்க." பல வீடுகளில் இதுதான் தீர்ப்பாக இருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு செய்தவன் விடிய விடிய ஆடிக்கொண்டிருப்பான், இவள் மட்டும் வீட்டுக்குள் உட்கார வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? பஸ்ஸில் ஒருவன் சீண்டினான் என்று பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திய குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு இலக்கணத்தில் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள். நூறு பெண்கள் நிற்கும் கூட்டத்தில் ஒரு ஆண் வந்து சேர்ந்தால், மொத்தக் கூட்டத்தையும் ஆண்பாலில்தான் சொல்ல வேண்டும். 'லெ மஸ்குலேன் லாம்போர்த்', ஆண்பாலே வெல்லும். வாத்தியார் இதைச் சொன்னதும் பையன்கள் நாங்கள் மேஜையைத் தட்டினோம். முன் வரிசையில் இருந்த நாலைந்து பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தமிழில் அந்த வம்பே இல்லை. பலர்பால் என்று ஒன்று வைத்து, 'அவர்கள் வந்தார்கள்' என்று முடித்துவிட்டார்கள் நம் முன்னோர். ஆனால் எனக்கு உத்தியோகம் தந்தது தமிழ் இலக்கணம் இல்லை.

எண்பதுகளில் நான் இருந்த பிரிவில் ஒரு அம்மா வேலை பார்த்தார்கள். என்னைவிட மூன்று வருஷம் இளையவர். பழைய ஓய்வூதியக் கணக்குகளில் ஒரு சிக்கல். நிறைய விதவைகளுக்குப் பணம் போய்ச் சேராமல் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா ராத்திரி பகலாகப் பழைய ஆணைகளைத் தேடி, ஒரு வழி கண்டுபிடித்துக் குறிப்பு எழுதி வைத்தார்கள். மேலே போனது. 'பேசவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. போய்ப் பேசினார்கள். மறுபடி வைத்தார்கள். மறுபடி 'பேசவும்'. மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தம்மா என்னமோ எழுதுது, நீ பாத்து ஒழுங்கா எழுதிக் கொண்டாப்பா" என்றார்.

நான் ஒழுங்காக எழுத அதில் ஒன்றுமே இல்லை. அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டு, அதே குறிப்பை டைப் அடித்து, கீழே என் சுருக்கொப்பத்தைப் போட்டு அனுப்பினேன். மறுநாளே பச்சை மையில் ஒப்புதல் வந்தது. பணம் பட்டுவாடா ஆனது. அந்த வருஷம் என் ரகசியக் குறிப்பேட்டில் 'மிக நன்று' என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்கு அது உதவியது.

ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை நண்பர்களே. பேத்தி சொன்னபோது என் கையில் இருந்த காபி ஏன் ஆறிப்போனது என்று இப்போது புரியும்.

நான் திருடவில்லை, அந்த அம்மாவுக்குத் தெரிந்தே செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அதிகாரியிடம் போய், "இது அந்த அம்மா எழுதியது சார், இரண்டு முறை நீங்கள் திருப்பி அனுப்பியது இதே காகிதம்தான்" என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலை போயிருக்காது. அந்த ராட்சதனைச் சுற்றி இருபது பேர் நின்றார்களே, அதில் சிரித்தவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மிச்சம் பதினைந்து பேர் என்னைப் போன்றவர்கள்.

விடுமுறை முடிவதற்குள் என் மகன் வீட்டுப் பேரனும் வந்தான். பதினோராம் வகுப்பு. அவனும் இதே மாதிரி ஏதோ ஒன்று ஆடுகிறவன்தான். "உங்க கூட்டத்துல ஒரு பொண்ணு பேசினா மத்தவங்க கிண்டல் பண்ணுவாங்களாடா?" என்று கேட்டேன்.

"பண்ணுவாங்க தாத்தா."

"நீ என்ன பண்ணுவே?"

"நான் சும்மாதான் இருப்பேன். நான் அப்படியெல்லாம் பேச மாட்டேன்."

நல்ல பையன். நானும் நல்ல பையனாகத்தான் இருந்தேன். அவனை உட்காரவைத்து மேலே எழுதிய கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். கடைசியில், "அப்ப நான் என்ன சொல்லணும் தாத்தா?" என்றான். "நிறுத்துங்கடா, அவ சொல்றதைக் கேளுங்கன்னு ஒரு தடவை சொல்லு, போதும்" என்றேன். சொல்வானா என்று தெரியாது. கேள்வி கேட்டானே, அது எனக்குத் திருப்தி.

நம் வீடுகளில் பேத்திகளிடம் ஜாக்கிரதையாக இரு என்று நூறு தடவை சொல்கிறோம். பேரன்களிடம் ஒரு தடவையாவது இதைப் பேசுங்கள் என்பதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம். ஆட்டம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல நீ யாரு?" என்று கேட்டால் போதும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

நவம்பரில் ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்கப் போனபோது அந்த அம்மாவை வரிசையில் பார்த்தேன். முட்டி வலி, கையில் கோல். ஒரு நாற்காலி தேடிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று, "அந்த விதவைகள் கோப்பு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நான் உங்க பேரைச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "ஞாபகம் இல்லாம என்ன சார்? அதுல ஒரு எடத்துல 'நிலுவை'யைத் தப்பா எழுதிட்டேன். நீங்க அதையும் அப்படியேதான் டைப் அடிச்சிருந்தீங்க" என்றார்கள்.

அதற்குள் அவர்களுடைய டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

கல்யாண விருந்து அடுத்த வாரம். கட்டாயம்.